இடைவேளைக்குப் பிறகு பிடித்த கை

விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

பிலிம் அறுந்தால் விளக்கைப் போடுவது எந்தக் கொட்டகையிலும் வழக்கம்தான். திரை வெள்ளையாகும். முன்வரிசையில் விசில் பறக்கும். ஆப்பரேட்டரின் வம்சத்தையே இழுத்து நாலு பேர் திட்டுவார்கள். மஞ்சள் பல்புகள் எரிந்ததும் ஜனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அக்கம்பக்கம் பார்ப்பார்கள். அன்று திருமங்கலத்தில், மேட்னி ஷோவில், எங்கள் வரிசையில் இருந்தவர்கள் அப்படித் திரும்பிப் பார்த்தபோது கண்ணில் பட்டது என்னுடைய இரண்டு கைகளும், அவற்றுக்கு நடுவில் பொத்தி வைத்திருந்த இன்னொரு கையும்.

நான் புது மாப்பிள்ளை. கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. புது மாப்பிள்ளை பெண்டாட்டியின் கையைப் பிடித்தபடி அகப்பட்டுக்கொண்டால் அசடு வழியச் சிரித்துவிட்டுத் தப்பித்துவிடலாம். நான் பிடித்திருந்தது என் மாமியாரின் கை.

இதை எழுதும்போதும் காது மடல் சுடுகிறது. இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதிய வாரத்தில், மறுவீட்டை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். வாசகர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் மனைவி தனம்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சினிமாவுக்குப் போனதை மட்டும் ஏன் விட்டீக?" என்று கேட்டாள். எழுதினால் உனக்குச் சங்கடமில்லையா என்றேன். சங்கடப்பட வேண்டியது நானில்லையே என்றாள். அதனால் எழுதுகிறேன்.

கதவுக்குப் பின்னால் ஒரு குரல்

எங்கள் பக்கத்துச் சம்சாரி வீடுகளில், அதாவது விவசாயக் குடும்பங்களில், அந்தக் காலத்தில் மாமியார், மருமகன் முன்னால் வந்து நிற்க மாட்டார். நேருக்கு நேர் பேச மாட்டார். மருமகனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், "தண்ணி வேணுமான்னு கேளு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து யாரிடமோ சொல்வார். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் சுவரிடம் சொல்வார். மருமகனும் அப்படித்தான். "போதும்னு சொல்லு" என்று தூணிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டு எழுந்திருப்பான். இது கோபமில்லை, மரியாதை. இரண்டு பக்கமும் எதிர்பார்க்கும் மரியாதை.

ஆகவே கல்லுப்பட்டிக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊருக்கு மறுவீட்டுக்குப் போன நான், முதல் மூன்று நாளில் என் மாமியாரின் முகத்தை முழுசாகப் பார்க்கவில்லை. முந்தானையின் ஓரம் தெரியும். வளையாத நடுவிரலோடு ஒரு கை கதவு நிலையில் தெரியும். அந்த விரலில் எப்போதோ காய்ந்த பருத்திச் செடியின் மார் வெட்டும்போது அரிவாள் பட்டதாம். குரல் மட்டும் நன்றாகக் கேட்கும். நல்ல கனமான குரல்.

அந்தக் குரலுக்கு ஊரில் ஒரு கீர்த்தி இருந்தது. களை எடுக்கும்போதும் பருத்தி எடுக்கும்போதும் அவர் சினிமாக் கதை சொல்வார். சாமி படம், குடும்பப் படமெல்லாம் அவருக்கு ஆகாது. மர்மப் படம்தான் வேண்டும். பங்களா, மழை, மாடிப்படியில் யாரோ இறங்கி வரும் சத்தம், அணைந்து எரியும் விளக்கு. பயிர் வரிசையான நிரையில் குனிந்திருக்கும் பெண்களுக்கு அவர் சொல்லிக்கொண்டே போவார், அவர்கள் கேட்டுக்கொண்டே கை வேலையைப் பார்ப்பார்கள். கொலை நடக்கும் கட்டத்தில் எல்லாக் கையும் நின்றுவிடுமாம். கொலைகாரன் யார் என்ற இடம் வந்ததும் அவர் நிறுத்திவிடுவார். போய்ப் பாத்துக்கங்கடி என்று சொல்லிவிட்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவார். எத்தனை பேர் கெஞ்சினாலும் முடிவை மட்டும் சொன்னதில்லை என்று தனம் பெருமையாகச் சொன்னாள்.

அவள் அப்படிச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

மாப்பிள்ளை கூட்டிப்போகும் சினிமா

மறுவீட்டில் ஒரு சடங்கு உண்டு. சாஸ்திரத்தில் இல்லாத சடங்கு. புது மாப்பிள்ளை பெண் வீட்டார் எல்லோரையும் சினிமாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். கொழுந்தியாள், சின்ன மாமனார், அத்தைமார், பக்கத்து வீட்டில் ஒட்டிக்கொண்ட இரண்டு பேர் என்று ஒரு வரிசையே அடைக்கும் கூட்டம். மாப்பிள்ளை எந்தப் படத்துக்குக் கூட்டிப்போனான் என்பதை வைத்து அவன் எப்பேர்ப்பட்டவன் என்று ஊர் தீர்மானிக்கும்.

அந்த வாரம் திருமங்கலத்தில் இரண்டு படங்கள் ஓடின. ஒன்று எல்லோரும் அழும் படம். இன்னொன்று, ஊருக்குள் மாட்டு வண்டியில் தட்டி கட்டி வந்து, இருதயம் பலவீனமானவர்கள் தனியாக வர வேண்டாம் என்று ஒலிபெருக்கிக் குழாயில் எச்சரித்துப் போன படம். முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று நோட்டீஸிலும் போட்டிருந்தார்கள். மாமனார் அழும் படத்தையே விரும்பினார். நான் மர்மப் படத்துக்குத்தான் போக வேண்டும் என்றேன். கதவுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. மாமியாரைச் சந்தோஷப்படுத்திவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி.

எனக்கும் அந்த மாதிரிப் படங்கள் உயிர்தான். மதுரையில் படிக்கும்போது ஒன்றையும் விட்டதில்லை. ஏன் அவை மட்டும் பழசாவதில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சண்டைப் படங்களின் சண்டை இப்போது சிரிப்பு மூட்டுகிறது. காதல் படங்களின் வசனத்தைக் கேட்டால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆளில்லாத அறையின் கதவு மெல்லத் திறந்தால் இன்றைக்கும் பிடரி மயிர் நிற்கிறது.

எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று. எங்கள் பக்கம் ஆண்பிள்ளை பயப்படக் கூடாது. பாம்பு வந்தாலும், பாகப்பிரிவினைக்கு அரிவாளோடு பங்காளி வந்தாலும், மீசையைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டும். பெண்களுக்கோ பயப்பட நேரமில்லை. எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், நிம்மதியாகப் பயப்படுவதற்கு ஊரில் இருந்த ஒரே இடம் கொட்டகைதான். இருட்டு இருக்கும்வரை அது பத்திரமான இடம்.

உட்கார்ந்த விதம்

நாற்காலி வகுப்பில் ஒரு வரிசை முழுக்க எங்களுடையது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நடைபாதை. சுவர்ப் பக்கம் ஆண்கள், நடைபாதைப் பக்கம் பெண்கள். ஆண்களில் கடைசியாள் நான், பெண்களில் முதல் ஆள் தனம். ஆகவே நாங்கள் இருவரும் அடுத்தடுத்து. மாமியார் எட்டத்தில், நடைபாதை ஓரத்தில் இருந்தார். முறைப்படி எல்லாம் சரியாக இருந்தது.

இடைவேளையில் பெண்கள் எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். நான் முறுக்கும் கலர் சோடாவும் வாங்கி முடித்து வந்து உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் திரும்புவதற்குள் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டுவிட்டார்கள். அவர்கள் டார்ச் வெளிச்சத்துக்குப் பின்னால் தடவித் தடவி வந்தார்கள். ஒரு காட்சியும் தவறிவிடக் கூடாது என்று முதல் ஆளாக ஓடி வந்தவர் என் மாமியார். முதலில் நுழைபவர் வரிசையின் கடைசிக் காலி நாற்காலிவரை போக வேண்டும் அல்லவா? போனார். உட்கார்ந்தார். பக்கத்தில் இருப்பது யார் என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. திரையில் டாக்டர் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

நானாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பின் வரிசையில் அவர்கள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். புது மாப்பிள்ளை பெண்டாட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான் என்று நாளைக்குப் பேச்சு வரும். அதனால் நேரே திரையைப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருப்பது தனம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் அந்தக் கட்டம் வந்தது. பங்களாவில் மின்சாரம் போகிறது. வெளியே இடி. பீரோவின் கதவு தானாகத் திறக்கிறது. உள்ளே ஒரு கை. கொட்டகையே ஹோ என்றது. அதே நொடியில் என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. நகம் பதியும்படி பிடித்தது.

எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பயம் போய்விட்டது. தனம் என்னை நம்பிப் பிடித்துவிட்டாள் என்று நெஞ்சு பூரித்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்த அந்த நாட்களில் நாங்கள் நாலு வார்த்தை சேர்ந்து பேசியதில்லை. அவளாக என்னைத் தொட்டதில்லை. நான் கையைத் திருப்பி அந்தக் கையை வாங்கிக்கொண்டேன். மறு கையை மேலே வைத்துப் பொத்தினேன். கட்டைவிரலால் தடவிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? குனிந்து, "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்றேன்.

இடிச் சத்தத்தில் அது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த கணம் பிலிம் அறுந்தது.

ஒரு சொல்லில் தப்பித்தேன்

மாமியார் கையை உருவிக்கொண்ட வேகத்தை மறக்க முடியாது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, யார் காலை மிதிக்கிறோம் என்றும் பார்க்காமல் வரிசையைத் தாண்டி வெளியே ஓடினார். பெண்கள் அவர் பின்னால் ஓடினார்கள். தனம் கடைசியாக எழுந்தாள். எழுந்து, என் கைகளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள். மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

சின்ன மாமனார், அதாவது தனத்தின் சித்தப்பா, வாயாடி. அவர்தான் முதலில் பேசினார். "மாப்ள பயந்துட்டாருப்பா" என்றார். "யாரு கைன்னு தெரியாம பிடிச்சுப்புட்டாரு."

அவர் கேலியாகச் சொன்னாரா, என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தெரியாது. எனக்கு அது கயிறு போட்டுத் தூக்கியது மாதிரி இருந்தது. பயத்தில் பிடித்தேன் என்றால் நான் கோழை. பயத்தில் பிடிக்கவில்லை என்றால் நான் யார்? பின் வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மாமியார்தான் முதலில் பிடித்தார் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. சொன்னால் அந்த அம்மாள் நாளை எந்த நிரையில் போய் நிற்பார்? அவர்தான் பிடித்தார் என்றால், நீ ஏன் பொத்தி வைத்திருந்தாய் என்ற கேள்வியும் வரும்.

"ஆமா மாமா, பயந்துட்டேன்" என்றேன்.

சிரித்தார்கள். மாமனார்கூட லேசாகச் சிரித்தார். படம் முடியும்வரை யாரும் இருக்கவில்லை. கல்லுப்பட்டி பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். தனத்தின் பின்கொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

திருநகர் வீடு

நான் அப்போது திருமங்கலத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க். திருநகரில் ஒரு போர்ஷனில் குடித்தனம் வைத்தோம். ஊர்ப் பேச்சு பஸ் பிடித்து ஆபீசுக்கும் வந்துவிட்டது. ஃபைலை மேஜையில் சத்தமாகப் போட்டுவிட்டு, "பயந்துட்டீங்களாண்ணே" என்று கேட்பார்கள். சிரித்துக்கொள்வேன். இந்தக் கேலியெல்லாம் எனக்குப் பொருட்டில்லை.

பொருட்டாக இருந்தது தனம். கல்யாணத்தன்று என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தவள், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். காபி டம்ளரைக் கையில் தர மாட்டாள். தரையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் கையை நீட்டினால் அந்தக் கையைப் பார்ப்பாள், அப்புறம் டம்ளரைக் கீழே வைப்பாள். கோழைப் புருஷனோடு வாழ வந்துவிட்டோமே என்று அவள் வெட்கப்படுகிறாள் என்று எனக்குப் பட்டது. எதைச் செய்தாவது அவள் கண்ணில் ஆண்பிள்ளையாகத் தெரிய வேண்டுமென்று தவித்தேன். ஒரு நாள் கொல்லையில் தேளை வெறுங்காலால் மிதித்துக் கொன்றேன். செருப்பு எங்கே போனது என்று கேட்டாளே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை.

உண்மையை அவளிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். பலமுறை வாய்வரை வந்தது. உன் அம்மாதான் பிடித்தார் என்று மகளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், அப்புறம் பொத்தி வைத்துக்கொண்டு என்ன சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். முழுங்கிவிட்டேன்.

அந்த நாட்களில் அதே படம் மதுரையில் ஒரு கொட்டகைக்கு வந்தது. ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். பார்க்காமல் விட்ட முடிவைப் பார்த்தேன். கொலைகாரர் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். அது என் மாமியாரின் கொள்கை. ஆனால் அந்த ஆள் படம் முழுக்க நம் கண் எதிரிலேயே இருக்கிறார். மருந்து கொடுக்கிறார், ஆறுதல் சொல்கிறார். பின்னணி இசை யாரைக் காட்டுகிறதோ அவரையே நாம் சந்தேகப்படுகிறோம். முடிவு தெரிந்தபின் மறுபடி பார்த்தால், எல்லாம் முதலிலிருந்தே பளிச்சென்று இருந்திருக்கிறது, பார்க்கத் தெரியாமல் இருந்தது நாம்தான் என்று புரிகிறது. இந்தப் படங்களுக்கு ஜனங்கள் இரண்டாம் தரம் வருவது இதற்காகத்தான் என்று அன்று தோன்றியது. பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்ட மாதிரி பஸ் ஏறினேன். அந்தப் புத்தியை வீட்டுக்குள் கொண்டுபோகத் தோன்றவில்லை.

தலை தீபாவளி

ஐப்பசி வந்தது. தலை தீபாவளிக்கு மாமனார் நேரில் வந்து அழைத்துவிட்டுப் போனார். எனக்குப் போகக் கால் எழவில்லை. ஆபீசில் லீவு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். தனம் அன்றுதான் வெகுநாளைக்குப் பிறகு நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினாள். போகாவிட்டால் ஊர் வேறு மாதிரிப் பேசும் என்றாள். பயத்தில் பிடித்ததுதான் என்று நிலைக்க வேண்டுமென்றால் தலை நிமிர்ந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் அம்மா பெயர் கெட்டுவிடும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அம்மா இப்போது களை எடுக்கும்போது கதை சொல்வதில்லையாம். நிரையில் யாராவது சினிமாப் பேச்சை எடுத்தால் வேறு நிரைக்குப் போய்விடுகிறாராம்.

அதைக் கேட்டபோது எனக்கு நேர்ந்த அவமானத்தைவிட அது பெரிதாகத் தெரிந்தது. நான் சிரிப்புக்கு ஆளானவன், அவ்வளவுதான். அந்த அம்மாள் தனக்குப் பிரியமான ஒன்றையே விட்டுவிட்டார்.

போனோம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, வெடி போட்டு எல்லாம் ஆயிற்று. கதவுக்குப் பின்னால் குரலே கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று சுவரிடம்கூட அவர் கேட்கவில்லை. மத்தியானம் ஆண்களெல்லாம் இலை போட்டு உட்கார்ந்தோம். கறிக்குழம்பு மணத்தது. கொழுந்தியாள் பரிமாறினாள்.

சின்ன மாமனார் சும்மா இருப்பாரா? முதலில் வெடிச் சத்தத்துக்கு மாப்பிள்ளை ஓடினாரா என்றார். அடுத்து, கல்லுப்பட்டியில் ஒரு பேய்ப் படம் போட்டிருக்கிறார்கள், எல்லோரும் போகலாமா என்றார். இலை வரிசை சிரித்தது. நானும் வழக்கம்போல் சிரித்தேன். அதோடு விடாமல், "போனா மாப்ளய நடுவுல உக்கார வைக்கணும். ரெண்டு பக்கமும் ஆம்பளைக இருக்கணும். யாரு கையப் பிடிப்பாருன்னு சொல்ல முடியாதுல்ல" என்றார்.

இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றது. அடுப்படி வாசலில் என் மாமியார் நின்றிருந்தார். கதவுக்குப் பின்னால் இல்லை, முன்னால். கையில் சோற்றுப் பாத்திரம். அவர் நடந்து வந்து வரிசைக்கு எதிரில், எனக்கு நேராக நின்றார். அப்போதுதான் முதல்முறையாக அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன். தனத்தின் கண்கள்.

தன் கொழுந்தனான சின்ன மாமனாரைப் பார்த்துத்தான் பேசினார். "போதும் தம்பி. அன்னைக்குப் பயந்தது அவுக இல்ல, நானு. இருட்டுல தனம்னு நெனச்சு நாந்தான் கையப் பிடிச்சேன். அவுக என்னையக் காட்டிக் குடுக்கல. இம்புட்டு நாளும் அவுக பேரு கெட்டுக் கெடந்துச்சு. எனக்குச் சோறு இறங்கல."

மாமனாரின் கை இலையில் அப்படியே நின்றது. பெண்கள் எல்லோரும் அடுப்படி வாசலில் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் அந்த அம்மாள் நின்றதைப் பார்த்தபோது, நான் கோழையாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாமே என்றிருந்தது. நான் தூணிடம் பேசவில்லை. அவரைப் பார்த்தே பேசினேன்.

"நானும் பயந்துதான் போயிருந்தேன் அத்தே. அதான் கையை விடல."

அவர் தலையாட்டினார். குனிந்து என் இலையில் அவரே சோறு வைத்தார். வைத்துவிட்டு உள்ளே போனார். சின்ன மாமனார் மெதுவாக, "தங்கமான பிள்ளைப்பா" என்றார். மாமனார் தன் இலையிலிருந்த பெரிய கறித்துண்டு ஒன்றை எடுத்து என் இலையில் வைத்தார். வாசலில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். மாமியார் மானத்தைக் காப்பாற்ற இத்தனை நாள் கேலியைத் தாங்கிய உத்தமன் என்று அந்த வீடு முழுக்க என்னைப் பார்த்தது.

கோழை என்று சிரித்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அந்த அம்மாள் வெளியே வந்து உண்மையைச் சொன்னார். நான் பதிலுக்குச் சொன்னது ஒரு பொய். அந்தப் பொய்க்கு எனக்குக் கறித்துண்டு கிடைத்தது. சாப்பிட்டு முடித்தேன். ருசி தெரியவில்லை.

தனம் கேட்டது

சாயங்காலம் பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். தனம் காபி கொண்டுவந்தாள். தரையில் வைத்தாள். இனி எல்லாம் சரியாகிவிடும், தன் புருஷன் கோழையில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு எனக்கு. அவள் போகாமல் நின்றாள்.

"நீங்க பயந்தீகன்னுதான் நான் பேசாம இருந்தேன்னு நெனச்சீகளா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன் என்றேன்.

"எங்கம்மா பிடிச்சதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பஸ்ஸுலயே சொல்லி அழுதுச்சு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க யாரு கைன்னு நெனச்சீக?"

"ஒன் கைன்னுதான்."

"அதான்" என்றாள். "நான் அன்னைக்கு முழங்கை வரைக்கும் வளையல் போட்டிருந்தேன். அசைஞ்சாச் சத்தம் கேக்கும். கை நெறைய மருதாணி, வாசம் அடிக்கும். எங்கம்மாவுக்கு நடுவிரலு மடங்காது. பருத்தி எடுத்து எடுத்துக் கையி அரம் மாதிரி இருக்கும். இருட்டுல கண்ணு தெரியாது, சரி. கட்டுன பொண்டாட்டி கையி தெரியாதா? கல்யாணத்தன்னைக்கு எம் மூஞ்சிய அம்புட்டு நேரம் பாத்தீகளே, எங் கைய ஒரு நாளாச்சும் பாத்தீகளா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கல்யாணமாகி அப்போது சில நாட்கள்தானே, வீடு நிறைய ஆட்கள், நாம் எங்கே பேசினோம் என்று நியாயம் அடுக்கியிருப்பேன். அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். பதிலுக்கு நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இத்தனை நாளும் டம்ளரைக் கீழே வைத்தது என் கோழைத்தனத்தைக் கண்டு வெறுத்து அல்ல, இந்த மனுஷனுக்கு என் கையில் வாங்கினால் என்ன, தரையிலிருந்து எடுத்தால் என்ன, வித்தியாசம் தெரியவா போகிறது என்றுதான். எத்தனை மர்மப் படம் பார்த்தவன் நான். இது என் வீட்டுக்குள், என் கண் முன்னால், தினம் இரண்டு வேளை நடந்திருக்கிறது.

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படிக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து கழுவிக்கொண்டிருந்தார்கள். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே வளையல் சத்தங்களும் கேட்டன. அவற்றில் எது தனத்தினுடையது என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். முதலில் தெரியவில்லை. காபி ஆறிப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.